பந்தியில் உட்கார்ந்தவர்கள் பார்க்காத காட்சி

நல்லம்பள்ளியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் என் கடைக்கு வருகிறவர்கள் ஆதார் கார்டை நீட்டுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி, "படம் எப்பிடிங்க?" என்பதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நான் தர்மபுரிக்குப் பஸ் ஏறுவது ஊருக்கே தெரியும். எங்க வூட்டுக்காரர் கல்யாணமான புதிதில் முறைத்துப் பார்த்தார். இப்போது அவரே போனில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார், கூட மட்டும் வரமாட்டார். நான் தியேட்டரில் விசிலடிப்பது அவருக்கு மானக்கேடாக இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கேட்டால் உள்ளதைச் சொல்வேன். யாருடைய முகத்துக்காகவும் ஒரு படத்தை நல்லா இருக்கு என்று சொல்லி, இன்னொருத்தருடைய ஒரு சாயங்காலத்தைப் பாழாக்குகிற பாவம் எனக்கு வேண்டாம். ரசிகர் மன்றத்துப் பையன் ஒருத்தன், அவன் தலைவர் படத்தை நான் இழுவை என்று சொன்னதற்காக ரொம்ப நாள் வேறு கடையில் மங்கலாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். தலைவரின் அடுத்த படம் வந்ததும் அவனே வந்து, அதுக்கு இது தேவலையா அக்கா என்று கேட்டான். தேவலை என்றேன். நிஜமாகவே தேவலைதான்.

எனக்குக் கோபம் வருவது கிராமத்துப் படங்களைப் பார்த்துத்தான். அதில் வருகிற மாடு சாணி போடாது. கதாநாயகி நாற்று நட்டுவிட்டு வரப்பில் ஏறினாலும் காலில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. கதாநாயகன் பாடிக்கொண்டே தண்ணீர் பாய்ச்சுவான். அட அப்பா, கரண்டு எப்போ வரும், எப்போ போகும் என்று தெரியாமல் மோட்டார் ரூமுக்கும் வூட்டுக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தவர்கள் எங்கள் ஆட்கள், அவனுக்கு மட்டும் எங்கிருந்து பாட்டு வருகிறது? அப்புறம் அந்த ஆலமரத்தடிப் பஞ்சாயத்து. எங்கள் பக்கம் இரண்டு குடும்பத்துக்குத் தகராறு என்றால் முதலில் போலீஸ் ஸ்டேஷன், பிறகு டீக்கடை, கடைசியில் பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்துச் சம்பந்தி ஆகிவிடுவார்கள். அதை எவனும் படமாக எடுக்கமாட்டான்.

பேய்ப் படம் பிடிக்கும். ஆனால் பேய் ஏன் எப்போதும் பெரிய பங்களாவிலேயே குடியிருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பங்களாவில் பேய் வந்தால் இன்னொரு ரூமுக்கு ஓடிவிடலாம். ஒரு ரூமும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வூட்டில் வந்தால் எங்கே ஓடுவது? அதுவல்லவா பயம்? படத்தில் அம்மா ஒரு தடவை இருமினால் போச்சு, இடைவேளைக்குப் பிறகு மாலை போட்ட போட்டோதான். எங்கள் அப்பா எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறார். இருமிக்கொண்டே ஹார்டுவேர் கடையில் கம்பி எடை போட்டு, கடைப்பையன்களைத் திட்டிக்கொண்டு, கல்லுக்குண்டு போல இருக்கிறார்.

சண்டைப் படங்களைக் குறை சொல்லமாட்டேன். கார் பறக்கணும், ஒருத்தன் அடித்தால் பத்துப் பேர் சிதறணும், அதற்குத்தானே போகிறோம். மனுசன் அப்படிப் பறப்பானா என்று எங்க வூட்டுக்காரர் கேட்பார். பறக்கமாட்டான் என்று எனக்குத் தெரியாதா என்ன? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டா, சிட்டா என்று வாரமெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு ஒரு கார் பறந்தால்தான் ஆறுதல். எரிச்சல் எல்லாம் இந்த இரண்டு பாகப் படங்கள் மேல்தான். சாம்பார் ஊற்றிவிட்டு, ரசத்துக்கு அடுத்த வருசம் வாங்க என்று எழுப்பிவிடுகிறார்கள்.

ஒரு படத்தில் மட்டும் நான் தோற்றுப்போனேன். ஒரு மலைக்கிராமத்துப் பெண் சாமை மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் படம். சித்தேரிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் வாத்தியாராக இருந்ததால், மலைக்குப் போகிற அந்த மாதிரி பஸ்ஸுக்கு நானும் காத்துக் கிடந்திருக்கிறேன். அதைக் காசு கொடுத்து வேறு பார்க்கணுமா என்று இடைவேளை வரை புலம்பினேன். தூங்கவும் செய்தேன். கடைசியில் வளைவில் பஸ் தலையைக் காட்டியதும் எழுந்து நின்று கை தட்டியவள் நான்தான். ஏன் தட்டினேன் என்று இன்றைக்கு வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் கடையில் கேட்டவர்களிடம், போங்க, ஆனா ஒண்ணுமே நடக்காது, அப்பறம் என்னைத் திட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். போனவர்களில் பாதிப் பேர் திட்டினார்கள்.

இந்தப் பைத்தியத்தை என் தம்பிக்கும் ஏற்றிவிட்டது நான்தான் என்பது அப்பாவின் தீராத குற்றச்சாட்டு. தம்பி என்னைவிட ரொம்ப இளையவன். சின்னதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குப் போயிருக்கிறேன். நான் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன், அவன் நடிக்கிறேன் என்று சென்னைக்குக் கிளம்பிவிட்டான். கூட்டத்தில் ஒருத்தன், கல்யாண வீட்டில் பின்வரிசையில் ஒருத்தன், லாரியிலிருந்து குதிக்கிற ஒருத்தன் என்று படத்துக்குப் படம் அவனைத் தேடிக் கண்டுபிடிப்பதே எங்கள் குடும்பத்துக்கு வேலையாக இருந்தது. அவன் வயசுப் பசங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிறார்கள். இவன் நாலு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறான், பொங்கலுக்கு வருகிறான், கறிநாள் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறான்.

போன வருசம் ஒரு நாள் போன் செய்தான். முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படத்தில் ஒரு காட்சி கொடுத்திருக்கிறார்கள் என்றான். 

"நீ பாத்துட்டுச் சொல்லுக்கா. எல்லாரும் சூப்பர்ம்பாங்க, நீ சொல்லமாட்ட. தேறாதுன்னு நீ சொன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு வந்து அப்பா கடையில உக்காந்துக்கறேன்."

போனை வைத்ததும் எனக்குள் வந்த முதல் நினைப்பை மறைக்க விரும்பவில்லை. தேறாமல் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அவன் இங்கே இருந்தால் சாயங்காலம் என் கடைக்கு வருவான், இரண்டு டீ சொல்லி, வெள்ளிக்கிழமை பார்த்த படத்தைப் பற்றிக் கடை சாத்துகிற வரைக்கும் சண்டை போடலாம். இந்த ஊரில் என்னோடு படத்துக்காகச் சண்டை போட வேறு ஆளே இல்லை. விசயம் தெரிந்ததும் அப்பாவும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ சொன்னா கேப்பான் பாப்பா. நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்லிடு, பையன் வூடு வந்து சேந்துருவான்" என்றார். எனக்குத் தலை நரைத்தாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

இதற்கிடையில் எங்கள் பெரியப்பா ஒரு காரியம் செய்தார். நம்ம பையன் படம் வருகிறது, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நன்றாக இருக்குமா என்று தர்மபுரி தியேட்டரில் சனிக்கிழமை காலைக் காட்சியை மொத்தமாக புக் பண்ணிவிட்டார். அதற்காக நானும் என் வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்தேன். எங்கள் ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. காதுகுத்தோ, கிரகப்பிரவேசமோ, புது டிராக்டரோ, எதுவானாலும் வந்தவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது. ஆகவே தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டு ஓரத்தில் சாமியானா, டேபிள், சேர், இரண்டு அண்டா பிரியாணி. வாசலில் பிளக்ஸ். அதில் தம்பி ஆளுயரத்துக்கு நின்றான். கதாநாயகனைத் தம்பியின் முழங்கைக்குக் கீழே ஸ்டாம்பு அளவுக்கு ஒட்டியிருந்தார்கள். அம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். தீர்த்தமலைப் பக்கத்துச் சொந்தங்கள் வேன் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவை சகிதம் வந்து இறங்கினார்கள். ஒரு அத்தை என்னிடம் மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சா என்றே கேட்டுவிட்டார்.

தம்பியும் சென்னையிலிருந்து வந்திருந்தான். இடைவேளை முடிந்த கையோடு தன் காட்சி வரும் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். பெரியப்பா அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தார். இடைவேளையில் முதல் பந்தியைப் போட்டுவிடுவது, சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக வந்து பையனைப் பார்ப்பது, அதுவரை படத்தை நிறுத்தி வைப்பது. மேனேஜரிடம் பேசியாகிவிட்டது என்றார். மேனேஜரும் பாவம், சரி என்று தலையாட்டியிருக்கிறார். ஆனால் இப்போதெல்லாம் மேலே படம் ஓட்டுவதற்கு ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. காலையிலேயே கம்ப்யூட்டரில் நேரம் வைத்துவிட்டால் நேரமானதும் அதுவாக ஓடும். அதை மாற்றச் சொல்ல வேண்டிய மேனேஜரையும் பெரியப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

நான் இடைவேளையில் சீட்டை விட்டு எழுவதில்லை. அன்றைக்கும் எழவில்லை. விளக்கு அணைந்து படம் ஆரம்பித்தபோது அந்தப் பெரிய தியேட்டரில் நானும், பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த சில பொடிசுகளும், தூங்கிப்போன ஒரு மாமாவும்தான் இருந்தோம். வாசலுக்கு ஓடி, படம் போட்டுட்டாங்க என்று கத்தினேன். ஒருத்தரும் அசையவில்லை. இலையில் கை வைத்தவர்கள் பாதியில் எழுந்தால் பந்தி வைத்தவரை அவமானப்படுத்தியது போல ஆகிவிடும். இன்னும் உட்காராதவர்களோ அடுத்த பந்திக்கு ஆளுக்கொரு சேரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், விட்டால் இடம் போய்விடும். அப்பா முதல் பந்தியில் முதல் இலை. தம்பி வாளியோடு, இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க மாமா என்று ஓடிக்கொண்டிருந்தான். திண்டாட்டமாக என்னைப் பார்த்து, நீ உள்ள போக்கா என்று கையைக் காட்டினான். ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

காட்சி இதுதான். தம்பி ஒரு போலீஸ்காரர். ஒரு பையன் விபத்தில் செத்துப்போனதை அவன் அம்மாவிடம் சொல்ல வருகிறார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வெயிலில் வந்திருக்கிறாரே என்று மோர் கொடுக்கிறாள். பையனைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறார், வேலைக்கு விசாரணை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவன் எவ்வளவு நல்லவன், என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபப்படுவான் என்று பேசிக்கொண்டே போகிறாள். போலீஸ்காரர் டம்ளரைப் பிடித்தபடி நிற்கிறார். மோரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அவள் சிரிக்கிற இடத்தில் இவரும் சிரிக்கப் பார்க்கிறார். முடியாமல் போகிறது.

எத்தனை படம் பார்த்திருப்பேன், எத்தனை பேர் செத்து எத்தனை பேர் அழுததைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பஜ்ஜி தின்றிருப்பேன். அன்றைக்கு அந்தக் காலித் தியேட்டரில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினேன். இவன் என் இடுப்பில் இருந்த பையன் என்பதே மறந்துபோயிருந்தது. திரையில் அவன் வாயைத் திறந்தபோதுதான் துணுக்கென்றது. அது அவன் குரலே இல்லை. யாரோ கனத்த குரலில், தெற்கத்திப் பேச்சில், இரண்டே வரி பேசினார்கள்.

வெளியே வந்தேன். முதல் பந்தி கை கழுவிக்கொண்டிருந்தது. ஆரம்பிச்சுட்டாங்களா என்று சாவகாசமாகக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். என் முகத்தைப் பார்த்ததும் தம்பி வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்டா பக்கமாக ஒதுங்கி வந்தான். அந்தக் குரல் யாருடையது என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். படம் தெற்குப் பக்கம் நடக்கிற கதை, அவன் பேச்சு எடுபடவில்லை என்று வேறு ஆளை வைத்துப் பேசிவிட்டார்கள். வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை என்றான்.

"எப்பிடி இருந்ததுன்னு நீ இன்னும் சொல்லவே இல்லியேக்கா" என்றான்.

வேறு யாரும் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை. நான் சொல்வதுதான் தீர்ப்பு. குரல்கூட உன்னுடையதை எடுத்துக்கொள்ளவில்லை, அப்புறம் என்னடா அங்கே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை சாயங்காலமே என் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பான். சாமியானாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மோர் டம்ளர் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே, என்ன செய்ய?

"பேசனது நீ இல்ல, அத வுடு. அந்தம்மா பேசப் பேச நீ கேட்டுக்கிட்டு நின்ன பாரு, அதுக்கு மேல எவனும் செய்யமுடியாது. வூட்டுக்கு வராத சாமி. அங்கியே இரு."

நிஜமாகவா என்றான். நான் எந்தப் படத்துக்குடா பொய் சொல்லியிருக்கிறேன் என்று அவன் மண்டையில் ஒன்று வைத்தேன். வைத்துவிட்டு எனக்குத்தான் மறுபடி அழுகை வந்தது. கறியெல்லாம் முதல் பந்தியிலேயே தீர்ந்திருந்தது. கடைசிப் பந்தியில் அவனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் குஸ்காவையும் தயிர் வெங்காயத்தையும் சாப்பிட்டோம். அன்றைக்குச் சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிவிட்டான்.

திரும்புகிற வேனில் அப்பா, என்ன சொன்ன என்றார். நல்லா நடிச்சிருக்கான்ப்பா, இருக்கச் சொல்லிட்டேன் என்றேன். குரல் விசயத்தைச் சொல்லவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் கடை முன்னால் வந்து நின்று இருமினார். "ஊரையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போயி நான் எலையத்தான் பாத்தேன். டிக்கெட்டு போடு பாப்பா" என்றார்.

துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பந்தி போட்ட அந்தச் சனிக்கிழமையைக் கழித்துவிட்டால், அப்பா கடைசியாகத் தியேட்டருக்குள் போய்ப் படம் பார்த்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. இடைவேளை வரை கைகட்டி, யாரோ பெரிய மனிதர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தார். தம்பி திரையில் வந்ததும் நிமிர்ந்தார். அந்தம்மா பேசப் பேச, சீட்டின் கைப்பிடியைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே போனது. இருமல்கூட வரவில்லை. பிறகு தம்பி வாயைத் திறந்தான்.

"ஏன் பாப்பா, எவன் பேசறான் இது?"

மெதுவாகவெல்லாம் இல்லை, கம்பி எடை போடுகிற குரலில். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து உஸ் என்றார்கள். எம்பையன்தான்யா அது, எம்பையன் கொரலு எனக்குத் தெரியாதா என்று அவர்களிடமே நியாயம் கேட்டார். கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல முகம் சிவந்தது. அவன் பேச்சுக்கு என்ன கொறச்சல், நாம பேசறது மனுசப் பேச்சு இல்லியா, இத்தனையும் அழகா செஞ்சவனுக்கு வாயத் தொறக்கக் குடுத்து வைக்கலியா என்று சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அந்த டைரக்டரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. கண் கலங்கியிருந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே திட்டினார்.

பிறகு, போனைப் போடு என்றார். போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தம்பி எடுத்ததும் பயந்துபோய், அம்மாவுக்கு என்ன என்று கேட்டான். அப்பா அவனுக்குச் சினிமாவைப் பற்றி அதுவரை ஒரு நாளும் போன் செய்ததில்லை.

"அம்மாளுக்கு ஒண்ணும் இல்ல. உம்படம் பாத்தேன்டா. இத்தன வருசமா வூட்டுக்கு வா, வான்னேன் இல்ல? இப்ப நானே சொல்றேன், வராத. உங்கொரல்ல ஒரு படம் பேசு. அத நான் கேக்கணும். அதுக்கப்பறம் வா."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரிங்கப்பா" என்றான்.